கெம்பிக்கு வலித்த நாள்

பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மண்பாதையில் ஐந்து லைன் வீடுகள் இருக்கின்றன. அவை முனிலட்சுமி அக்காவுடையவை. நாலு வீடுகளில் கம்பெனி வேலைக்கு வந்த எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் குடியிருக்கிறோம். கடைசி வீட்டில் அக்காவும் அவர் மகன் முனிராஜும் இருக்கிறார்கள். ஐந்து வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காலை ஏழு மணிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்களோடு ரோஜாப் பண்ணை வேனில் ஏறுகிறவர் அவர். என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு ராகி அறுத்தவர்கள். அவர்கள் அறுத்த நிலத்தில்தான் இன்றைக்குப் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாப் பண்ணை நிற்கிறது. முனிராஜ் நாலாவது படிக்கும்போது அக்காவின் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த வீடுகளே வந்தன. பண்ணை வேலை முடிந்து வந்து, தானே கல் சுமந்து, தானே சிமெண்டு கலந்து, வருஷத்துக்கு ஒரு வீடாகக் கட்டினார். பண்ணையில் மருந்தடிக்கும் மோட்டாரைப் பெண்கள் தொடக்கூடாது என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். "மோட்டாருக்கு கண்ணா இருக்குது, யார் கைன்னு பாக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பில் ஓட்டிக் காட்டினாராம். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அந்தக் குணத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அக்கா வளர்க்கும் நாயின் பெயர் கெம்பி. சிவப்பி என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், எங்கள் எதிரில் மட்டும் தமிழ். கெம்பிக்கும் கன்னடம்தான் தெரியும். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து, எங்கள் தென்காசிப் பக்கத்துப் பேச்சில் எவ்வளவு அதட்டினாலும் அது காதைக்கூட ஆட்டாது. "இந்த ஊர்ல நாய்கூட நம்மள மதிக்க மாட்டேங்கு," என்பார் அவர். கெம்பிக்குப் பன்னிரண்டு வயது. மூஞ்சி வெளுத்துவிட்டது. ஆனாலும் எங்கள் வரிசைக்குள் புது ஆள் யாரும் அதைத் தாண்டி வந்துவிட முடியாது.

போன தை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தேன். கெம்பி ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு ஓடியது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் திரும்பும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டது. கத்தவில்லை. எதுவும் மோதவில்லை. களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து முன்னங்காலை ஊன்றி எழுந்தது. பின்பக்கம் எழவே இல்லை. இரண்டு பின்னங்கால்களும் பிழியாத துணி மாதிரி தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தன.

அக்கா ஓடிவந்தார். "ஏளு கெம்பி, ஏளு," என்றார். எழுந்திரு என்று அர்த்தம். கெம்பி அவரைப் பார்த்து வாலாட்டப் பார்த்தது. வாலும் ஆடவில்லை.

"வாதம்," என்றார் அக்கா. "எங்கப்பா காலத்துல எருதுக்கு இப்பிடித்தான் வரும். சூடு வெச்சா எந்திரிச்சிக்கும். நான் வெச்சிருக்கேன்."

இதை மறைக்காமல் எழுத வேண்டும். இந்தப் பக்கத்தில் மாடு படுத்துவிட்டால் சூடு வைப்பது இன்றைக்கும் உண்டு. கைராசிக்காரர் என்று அக்காவைத்தான் தேடி வருவார்கள். எங்கள் ஊரிலும் அந்தப் பழக்கம் இருந்தது. அதனால் எனக்கும் அது தப்பாகப் படவில்லை. அக்கா முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு அரிவாள் நுனியை அடுப்பில் காயவைத்தார். நான் கெம்பியின் தலையை மடியில் பிடித்துக்கொண்டேன். நெற்றியில் விபூதியும் வைத்தேன். அக்கா அதன் இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு இழுத்தார். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. கெம்பி ஒரு சத்தம் போடவில்லை. என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா முத்துமணி, எவ்வளவு பொறுமை," என்றார் அக்கா.

"சாமி வலிய வாங்கிக்கிட்டாருக்கா," என்றேன் நான். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ராத்திரி முழுக்கக் கெம்பி எழவில்லை. மூத்திரமும் போகவில்லை. வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலை, பூ அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டில் சாக்கை விரித்து, அதில் கெம்பியைப் படுக்கவைத்து, முனிராஜின் டிவிஎஸ் வண்டியில் முன்பக்கம் வைத்துக் கட்டினோம். அவன் வண்டியை ஓட்ட, அக்கா பின்னால் உட்கார்ந்தார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். ஓசூர் கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன.

டாக்டரம்மா சின்ன வயது. காயத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "யாரு பண்ணது இது?"

"நான்தாம்மா," என்றார் அக்கா.

"மனுஷனுக்கு வாதம் வந்தா இப்படிச் சுடுவீங்களா?" என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டினார். அக்கா தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் டாக்டரம்மா வேறு குரலில் கேட்டார். "சூடு வைக்கும்போது கத்துச்சா?"

"இல்லம்மா. ஒரு சத்தம் இல்ல. ரொம்ப பொறுமைம்மா இது."

டாக்டரம்மா கெம்பியின் பின்னங்காலைப் பிடித்தார். ஒரு இடுக்கியை எடுத்தார். "நான் விரலை அழுத்தும்போது காலைப் பாக்காதீங்க. கால் தானா இழுத்துக்கும், அது கணக்கில்ல. முகத்தைப் பாருங்க. வலிச்சா முகம் திரும்பும்." ஒவ்வொரு பின்னங்கால் விரலாக அழுத்தினார். கெம்பி ஜன்னல் பக்கம் நின்ற ஆட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது பொறுமை இல்லை. இடுப்புக்குக் கீழே அதற்கு உடம்பே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வலிக்காததைப் பார்த்து நாங்கள் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்.

முதுகுத்தண்டுக்கு உள்ளே போகும் ரத்தம் அடைபட்டிருக்கும், வயதான நாய்க்கு இப்படித் திடீரென்று வருவது உண்டு என்று டாக்டரம்மா விளக்கினார். இதற்கென்று மருந்து கிடையாதாம், பார்த்துக்கொள்வதுதான் வைத்தியமாம். "உணர்ச்சி இருந்தா நான் தைரியமாச் சொல்லுவேன். உணர்ச்சியே இல்லாம இருந்தா பெரும்பாலும் திரும்பறதில்ல. ரெண்டு வாரம் பாருங்க. அதுக்குள்ள வலி தெரியலன்னா இழுத்துக்கிட்டுப் புண்ணாகி சாக விடவேண்டாம். நானே ஊசி போட்டுடறேன்."

"ரெண்டு வாரம்னா வர்ற புதன் விட்டு அதுக்கடுத்த புதங்கிழமைதானேம்மா?" என்றார் அக்கா. "வரேன். அது வரைக்கும் இன்னா செய்யணும்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக அமுக்கி, மூத்திரத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். காலை மடக்கி நீட்ட வேண்டும். சூட்டுப் புண்ணுக்குக் காலையும் சாயங்காலமும் களிம்பு. அக்கா அங்கேயே மேஜைமேல் அமுக்கிப் பார்த்தார். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை டாக்டரம்மாவின் செருப்பு நனைந்தது. "கத்துக்கிட்டீங்க," என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முனிராஜ் ஆரம்பித்தான். அவன் கெட்டவன் இல்லை. கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, பன்னிரண்டு மணி நேரம் நின்று வருகிறவன்.

"யம்மா, அதுக்கு வயசாயிடுச்சு. சும்மா கஷ்டப்படுத்தற. டாக்டரே சொல்லிட்டாங்க இல்ல?"

"டாக்டர் ரெண்டு வாரம் சொன்னாங்கோ. நீ ஒரு நாள்லயே முடிக்கப் பாக்கற."

"நீ வேலைக்குப் போயிட்டா யார் பாக்கறது? நான் பாக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"உன்ன யார்ரா கேட்டது?"

தை கடைசியிலிருந்து மாசி வரை ரோஜாப் பண்ணையில் லீவு கிடையாது. பிப்ரவரி பதினாலுக்கு வெளிநாட்டுக்குப் போகிற பூ எல்லாம் அந்த நாட்களில்தான் போகும். அக்கா வியாழக்கிழமை காலை கிரேட்டோடு வேனில் ஏறினார். எங்கள் வேலை பூவைத் தரம் பிரிப்பது. தண்டின் நீளம் பார்த்து, வளைந்ததைத் தள்ளி, இருபது இருபதாக அட்டையில் சுற்ற வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலை. மேஜைக்கு அடியில் கிரேட்டைத் தள்ளினார் அக்கா.

சூப்பர்வைசர் அஸ்வின் வந்தார். அக்காவின் மகன் வயதுதான் இருக்கும். "அக்கா, என்ன இது? கிரேடிங் ஷெட்டுக்குள்ள அனிமல் வரக்கூடாது. ஆடிட் வந்தா என் வேலை போயிடும்."

"எது வரைக்கும் ஷெட்டு?"

"இந்தக் கதவு வரைக்கும்."

அக்கா கிரேட்டைத் தூக்கிக் கதவுக்கு வெளியே, லாரி வந்து நிற்கும் தகரக் கூரைக்கு அடியில் வைத்தார். திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். "இப்ப ரூல்ஸ் சரியா இருக்குதா சார்? டீ டைம், சாப்பாட்டு டைம், மறுபடி டீ டைம். அது என் டைம். அந்த நேரத்துல நான் நாயப் பாத்தா இன்னா, சாமியப் பாத்தா இன்னா? பூ கொறஞ்சா சொல்லுங்க."

பூ குறையவில்லை. மணி அடித்ததும் அக்கா டீக்கு வரிசையில் நிற்காமல் வெளியே போவார். புரட்டுவார், அமுக்குவார், காலை மடக்கி நீட்டுவார். நான் அவருடைய டீயை வாங்கிக்கொண்டு போவேன். ஆறவைத்துத்தான் குடிப்பார். நாலாம் நாள் மழைத்தூறல் விழுந்தது. அஸ்வின் யாருக்கும் சொல்லாமல் ஒரு பழைய பிளாஸ்டிக் ஷீட்டைக் கிரேட்டின்மேல் கட்டியிருந்தார். கேட்டதற்கு, "லாரிக்கு இடைஞ்சலா இருந்துச்சு, அதான்," என்றார். ஷீட் கட்டினால் லாரிக்கு எப்படி இடைஞ்சல் தீரும் என்று நாங்கள் கேட்கவில்லை.

சுடலைமுத்துவுக்கு டூல்ரூமில் வேலை. எந்தப் பொருளையும் ஆடாமல் நிறுத்திப் பிடிக்க ஒரு சட்டம் செய்வது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை பழைய குழாய்களை வெட்டி, நடுவில் பெல்ட் கட்டி, கெம்பியின் வயிற்றைத் தாங்குகிற மாதிரி ஒரு சட்டம் செய்து கொண்டுவந்தார். "யக்கா, ஒரு மில்லிமீட்டர் ஆடாது, பாத்துக்கிடுங்க," என்றார். உண்மைதான், ஆடவே இல்லை. கெம்பியும் அசையவில்லை. துணி காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"தம்பி, இது இரும்பு இல்ல. கொஞ்சம் ஆடுனாத்தான் அது கால ஊணப் பாக்கும்," என்றார் அக்கா.

"ஆடாம செய்யத்தானக்கா எங்களுக்குச் சம்பளம்," என்று முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றி, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினார். அதற்குப் பிறகு கெம்பி மேலும் கீழும் லேசாக ஆடியது. பாதம் தரையில் பட்டது. தலைகீழாக மடங்கித்தான் பட்டது. அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாக நிமிர்த்தி வைப்பார். அது மறுபடி மடங்கும். மறுபடி நிமிர்த்துவார்.

செவ்வாய்க்கிழமை முனீஸ்வரன் கோவிலுக்குப் போகும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நாய்க்காக வேண்டிக்கலாமாக்கா? சாமி கோவிச்சுக்கிடாதா?"

"ஏன், பைரவர் பக்கத்துல நிக்கறது இன்னா, ஆடா?" என்றார் அக்கா.

நான் நாய்க்காகவும் வேண்டிக்கொண்டேன், தலையைப் பிடித்த என் கைக்காகவும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா என்ன வேண்டினார் என்று தெரியாது. சீக்கிரம் கும்பிட்டுவிட்டு, கெம்பியைப் புரட்டும் நேரம் வந்துவிட்டது என்று முன்னால் நடந்துவிட்டார்.

பத்து நாள் போனது. பதினோரு நாள் போனது. கெம்பி சாப்பிட்டது, எங்களைப் பார்த்துக் குரைத்தது. பின்பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அக்காவின் முகம் சுருங்கிக் கருத்துவிட்டது. ஒரு தடவை நானே சொல்லிவிட்டேன். "அக்கா, நீங்க செய்யறதச் செஞ்சாச்சு."

"செஞ்சாச்சா? புதங்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்குது," என்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீட்டுப் பின்பக்கம் ஒரு குழி வெட்டியிருந்தது. முழங்கால் ஆழம். முனிராஜ் கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது?"

"புதங்கிழமை எனக்கு ஷிப்ட்டுமா. அப்பறம் நீ ஒண்டியா வெட்டிகினு நிப்ப. அதுக்கோசரம்தான்."

அவன் அன்பாகத்தான் வெட்டியிருந்தான். அது அக்காவுக்கும் தெரிந்தது. கத்தவில்லை. மண்வெட்டியை எடுத்தார். "குழி தெறந்து கெடந்தா எதையாச்சும் போடணும்னு தோணிக்கினே இருக்கும்," என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற முனிராஜ், அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி மீதியைத் தானே மூடினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் புதன். அக்கா வாசலில் உட்கார்ந்து கெம்பியின் புண்ணுக்குக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வலது பக்கத்துப் புண் ஆறிவிட்டது. இடது பக்கத்தில் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா விரலால் அதைத் தொட்டு அழுத்தினார்.

கெம்பி வெடுக்கென்று திரும்பி அக்காவின் கையைக் கடித்தது.

பன்னிரண்டு வருஷத்தில் அது அவரைக் கடித்ததே இல்லை. கட்டை விரலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. நான் கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா கையைப் பார்க்கவில்லை. கெம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காதைப் பின்னால் மடக்கி, தப்புச் செய்துவிட்ட மாதிரி அவர் கையை நக்க வந்தது.

"மொகம் திரும்புச்சு முத்துமணி," என்றார் அக்கா. "நீ பாத்த இல்ல? மொகம் திரும்புச்சு."

"ரத்தம் வருதுக்கா."

"வரட்டும்."

மறுபடி தொட்டுப் பார்க்கப் போனார். நான் விடவில்லை. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்தேன். கழுவும்போதுதான் அவர் அழுதார். அன்றைக்கு வைத்த சூடு இன்றைக்குத்தான் அதற்கு வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதார். சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

புதன்கிழமை சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். முனிராஜ் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும், "ஊசி போடத்தானே வந்திருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொன்ன சொல்லுக்கு வந்தேம்மா. மொதல்ல இதப் பாருங்க," என்று துணி சுற்றிய கையை நீட்டினார் அக்கா.

டாக்டரம்மா இடுக்கியை எடுத்தார். வலது கால் விரலை அழுத்தினார். கெம்பி சும்மா இருந்தது. இடது கால் விரலை அழுத்தினார். கெம்பி வீலென்று கத்திக்கொண்டு திரும்பியது. டாக்டரம்மா கையை எடுத்துக்கொண்டார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். மறுபடி கத்தியது. வெளியே காத்திருந்த ஆடுகளும் சேர்ந்து கத்தின.

"இவ்வளவு நாள் கழிச்சு வர்றது அபூர்வம்," என்றார். "இன்னைக்கு ஊசி இல்ல. ஆனா ஒண்ணு. நீங்க சூடு வச்சதாலதான் இது திரும்புச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அது தப்பு, தப்புதான். நீங்க பாத்துக்கிட்டதாலதான் பொழைச்சுது."

"தெரியும்மா," என்றார் அக்கா.

"நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருந்தாலும் நீங்க இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்."

அன்றைக்கு ஊசி அக்காவுக்குத்தான் விழுந்தது. இதைச் சொல்லிச் சுடலைமுத்து ஒரு வாரம் சிரித்தார்.

அதற்குப் பிறகும் சுலபமாக இல்லை. முதலில் வால் நுனி அசைந்தது. பிறகு இடது கால் ஊன்றியது. வலது கால் இழுபட்டே வந்ததால் பாதத்தின் மேல்பக்கம் தோல் உரிந்தது. முள் குத்தாமலிருக்க நாங்கள் போடும் தோல் கையுறையில் ஒரு விரலை வெட்டி, அதைப் பாதத்துக்கு மாட்டிவிட்டார் அக்கா. மாசி முழுக்க ஒரு வேளைகூட விடாமல் சட்டத்தில் நிறுத்தினார். நடுவில் ஒருவர், தன் பசு படுத்துவிட்டது, வந்து சூடு வைத்துத் தாருங்கள் என்று கூப்பிட வந்தார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போய் மாட்டைப் பார்த்துவிட்டு, மாட்டுக்காரருடைய போனிலேயே டாக்டரம்மாவைக் கூப்பிடவைத்து, டாக்டர் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். மாட்டுக்காரருக்குக் கோபம். கைராசி போய்விட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அக்கா கண்டுகொள்ளவில்லை.

யுகாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் வீட்டில் இருந்தோம். கெம்பி சட்டத்தில் இல்லை, சாக்கில் படுத்திருந்தது. தானாக எழுந்தது. இடுப்பு ஒரு பக்கம் சாய, நாலு அடி போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்காரப் பார்த்தது. விழுந்தது. முனிராஜ் தூக்கப் போனான்.

"தொடாத," என்றார் அக்கா.

எழுந்தது. காலை அகட்டி நின்றது. மறுபடி பின்பக்கம் தாழ்ந்து விழுந்தது. அக்கா இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை கெம்பி முன்னங்காலை நன்றாக ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, யாரும் அமுக்காமல் தானே மூத்திரம் போனது. ரொம்ப நேரம் போனது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு யாராவது அந்தப் பக்கம் வந்திருந்தால் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

முனிராஜ் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றினான். "இனிமே இதக் கழுவறது உன் வேலைடா," என்றார் அக்கா. அவன் சரி என்றான். கெம்பி அதற்குள் எங்கள் வாசலுக்கு வந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த சுடலைமுத்துவின் தட்டைப் பார்த்துக்கொண்டு, ஆடிக்கொண்டே நின்றது.